முதல் உலகப் போர் எழுத்தாளர்களை வாசிக்க ஒரு நோட்டு, ஒரு வரைபடம், இரண்டு தேதி

ஜெர்மன் எழுத்தாளர் எரிக் மரியா ரெமார்க் 1917 ஜூனில் மேற்குப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். ஜூலை 31 அன்று ஷெல் துண்டுகள் பாய்ந்து மருத்துவமனைக்குப் போனவர், போர் முடியும் தறுவாய்வரை பெரும்பாலும் அங்கேதான் இருந்தார். முனையில் இருந்தது சுமார் ஏழு வாரம். போர் நாவல் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும் ‘ஆல் கொயட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரன்ட்’ அந்த ஏழு வாரத்திலிருந்து பிறந்தது. மருத்துவமனையில் மற்ற சிப்பாய்கள் சொன்ன கதைகளும் சுமார் பத்து வருட இடைவெளியும் அதில் சேர்ந்திருக்கின்றன.

அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே விஷயம் இன்னும் வேடிக்கை. ‘எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்’ நாவலில் வரும், இத்தாலியப் படையின் கப்போரெட்டோ பின்வாங்கலைப் படித்தால், மழையில் நனைந்துகொண்டு அந்த வண்டி வரிசையில் அவரும் நின்றிருந்தார் என்றுதான் தோன்றும். அந்தப் பின்வாங்கல் நடந்தது 1917 அக்டோபர் கடைசியில். அவர் இத்தாலியில் கால் வைத்ததே 1918 ஜூனில்.

இதை வைத்து ‘எல்லாம் புருடா’ என்று கிளம்புகிறவர்கள் உண்டு. நாவலைக் கண்ணால் கண்ட சாட்சியமாக மேற்கோள் காட்டுகிறவர்கள் அவர்களைவிட அதிகம். இந்த இரண்டு குழியிலும் விழாமல் இருக்க எளிய வழி, ஒவ்வொரு படைப்புக்கும் இரண்டு தேதி குறித்துக்கொள்வது: சம்பவம் நடந்த தேதி, அது எழுதப்பட்ட தேதி. நடுவில் எத்தனை நாள், எத்தனை வருடம், அதற்குள் அந்த ஆளுக்கு என்னென்ன ஆயிற்று என்று பார்க்கப் பழகிவிட்டால், இந்தத் தலைமுறையின் எழுத்து வேறு மாதிரி திறந்துகொள்ளும்.

நோட்டு போடுவது

நூறு பக்க நீள நோட்டு ஒன்று போதும். படுக்கவைத்து ஆறு கட்டம் கோடு போடுங்கள்: படைப்பின் பெயர், நடந்த தேதியும் இடமும், எழுதிய தேதியும் திருத்தியிருந்தால் அந்தத் தேதியும், முதலில் அச்சான தேதி, அப்போது எழுத்தாளருடைய பதவியும் படைப்பிரிவும், உங்கள் கையில் இருப்பது எந்தப் பதிப்பு. பென்சிலில் எழுதுங்கள். மூன்றாவது கட்டத்தை நிச்சயம் அழித்து எழுத வேண்டியிருக்கும்.

பிரிட்டிஷ் போர்க்கவிஞர் வில்ஃப்ரெட் ஓவனின் ‘த சென்ட்ரி’ (காவலாளி) கவிதைக்கு இந்த வரிசை இப்படி அமையும். நடந்தது: 1917 ஜனவரி, வட பிரான்ஸில் செர் என்ற ஊருக்கு அருகே. எழுதியது: 1917-ல் மருத்துவமனையில் தொடங்கி, 1918 செப்டம்பரில் மறுபடி பிரான்ஸில் இருந்தபோது முடித்தது. அச்சு: அவர் இறந்த பிறகு. பதவி: இரண்டாம் லெப்டினன்ட், மான்செஸ்டர் ரெஜிமென்ட், 2-ஆம் பட்டாலியன்.

கவிதைக்கு அடியில் அச்சாகியிருக்கும் ஆண்டை அப்படியே நம்பி எழுதுவதுதான் வழக்கமான தவறு. ‘இனிது, தகும்’ என்று பொருள்படும் லத்தீன் தலைப்புள்ள ‘டல்சே எட் டெக்கோரம் எஸ்ட்’ கவிதைக்குக் கீழே பல பாடநூல்களில் 1920 என்று இருக்கும். அது சக போர்க்கவிஞர் சசூன் பதிப்பித்த தொகுதி வெளிவந்த ஆண்டு. ஓவன் 1918 நவம்பர் 4-ஆம் தேதி, போர் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, ஓர்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் கொல்லப்பட்டார். 1920-ஐ எழுதிய ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும் மாணவர், ‘போருக்குப் பின் நிதானமாகச் சிந்தித்து எழுதிய கவிதை’ என்று விடைத்தாளில் எழுதிவைப்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

எதில் தொடங்குவது

நாவலில் தொடங்காதீர்கள். நாவல் ஒரு முழுப் படத்தை மனதில் மாட்டிவிடும். பிறகு படிக்கும் கவிதையும் கடிதமும் அந்தப் படத்துக்கு விளக்கக் குறிப்புகளாகிவிடும். முதலில் கவிதை, அதோடு கடிதம், பிறகு தன்வரலாறு, கடைசியில் நாவல் என்று போங்கள்.

கவிதையில் ரூப்பர்ட் ப்ரூக்கின் ‘த சோல்ஜர்’ முதலில் வரட்டும். ‘அந்நிய மண்ணில் ஒரு மூலை என்றைக்கும் இங்கிலாந்தாக இருக்கும்’ என்கிற அந்தக் கவிதையைக் கேலி செய்வது இன்று சுலபம். தேதியைப் பாருங்கள். எழுதியது 1914 கடைசியில். துருக்கியில் இருந்த கல்லிப்போலி போர்முனைக்குப் போகும் வழியில், கொசுக்கடி சீழ்பிடித்து நஞ்சேறி, 1915 ஏப்ரல் 23 அன்று கப்பலிலேயே இறந்துபோனார். சோம் போரின் முதல் நாளான 1916 ஜூலை 1-ஐ அவர் பார்க்கவில்லை. பிரிட்டிஷ் தரப்பில் அந்த ஒரே நாளில் செத்தவர் 19,240 பேர். காயமும் காணாமற்போனதும் சேர்த்தால் 57,470. அந்தத் தேதிக்கு முன் எழுதியவர்களையும் பின் எழுதியவர்களையும் ஒரே தட்டில் வைத்து ‘போர் ஆதரவு, போர் எதிர்ப்பு’ என்று கட்சி பிரிப்பது பரீட்சைக்கு உதவும், வாசிப்புக்கு உதவாது.

அடுத்து சீக்ஃப்ரீட் சசூனின் சின்னக் கவிதைகள் ஐந்தாறு, பிறகு ஓவன், அதன் பின் ஐசக் ரோசன்பெர்க். ரோசன்பெர்க்கை விட்டுவிடாதீர்கள். நாம் படிக்கும் பிரிட்டிஷ் போர்க்கவிஞர்களில் சசூன், ஓவன், ராபர்ட் கிரேவ்ஸ், எட்மண்ட் பிளண்டன் எல்லாரும் அதிகாரிகள். ரோசன்பெர்க் சாதாரண சிப்பாய். ஐந்தடி மூன்றங்குலத்துக்குக் குறைவானவர்களுக்கென்று திரட்டிய ‘பேன்ட்டம்’ பட்டாலியனில் சேர்ந்தவர். அதிகாரிக்கு ஏவலாள் உண்டு, பதுங்குகுழியில் மேசை உண்டு. சிப்பாய்க்குக் கிடைத்தது துண்டுத்தாள்.

அவருடைய ‘பிரேக் ஆஃப் டே இன் த ட்ரெஞ்சஸ்’ படிக்கும் முன் ஒரு தகவல் தெரிந்திருக்க வேண்டும். விடிவதற்குக் கொஞ்சம் முன்பு முன்வரிசை அகழியில் இருக்கும் அத்தனை பேரும் துப்பாக்கியோடு மேடைப்படியில் ஏறி நிற்பார்கள். தாக்குதல் வந்தால் அந்த நேரத்தில்தான் வரும் என்பதால். மாலையிலும் இதே கதை. ஆகவே அந்தக் கவிதையின் விடியல் சோம்பல் முறிக்கிற விடியல் இல்லை, காவலின் உச்சக்கட்டம். அந்த நேரத்தில்தான் கையில் உரசிப் போகிறது ஒரு எலி. அவர் கை அகழிச் சுவரிலிருந்து ஒரு கசகசாப் பூவைப் பறித்துக் காதில் செருகிக்கொள்கிறது.

ஒரு கவிதைக்கு மூன்று மாலை

‘டல்சே எட் டெக்கோரம் எஸ்ட்’ 28 வரிதான். அதற்கு மூன்று மாலை ஒதுக்குங்கள்.

முதல் மாலை வெளி உதவி எதுவும் வேண்டாம். இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துவிட்டு வரிகளை எண்ணுங்கள். 8, 6, 2, 12 என்று பிரிந்திருக்கும். முதல் இரண்டும் சேர்ந்தால் 14, அடுத்த இரண்டும் சேர்ந்தால் 14. பதினான்கு வரிக் கவிதையான சானட்டின் அளவில் இரண்டு பாதி. முதல் பாதி இறந்தகாலத்தில் ஓடுகிறது: களைத்துப்போய் நடந்தார்கள், நச்சுவாயு வந்தது, ஒருவன் மட்டும் முகமூடி மாட்ட முடியாமல் தத்தளித்தான், அவன் மூழ்குவதைப் பார்த்தேன். பதினான்காம் வரி ‘மூழ்குதல்’ என்ற சொல்லில் முடிகிறது. பதினைந்தாம் வரியில் காலம் மாறுகிறது: என் எல்லாக் கனவிலும் அவன் என்மீது பாய்கிறான். பதினாறாம் வரியின் கடைசிச் சொல் மறுபடி அதே ‘மூழ்குதல்’. இயைபுக்கு வேறு சொல் தேடாமல், அதே சொல்லையே அதற்கு இயைபாக வைத்திருக்கிறார். நோட்டில் நீங்கள் எழுதும் இரண்டு தேதியும் இந்த இடத்தில் கவிதைக்குள்ளேயே பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பதினான்காம் வரி நடந்த நாள். பதினைந்தாம் வரி எழுதிய இரவு.

இரண்டாம் மாலை பொருள்களைச் சரிபாருங்கள். ஓவன் அம்மாவுக்கு ‘நேற்று எழுதிய வாயுக் கவிதை’ என்று இதை அனுப்பியது 1917 அக்டோபரில், எடின்பரோ அருகே கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனையில் இருந்து. ஷெல் அதிர்ச்சிக்காக, அதாவது போர்முனை தந்த மனப்பாதிப்புக்காக, அங்கே சேர்க்கப்பட்டது ஜூன் கடைசியில். மஸ்டர்ட் வாயுவை ஜெர்மன் படை முதன்முதலாகப் பயன்படுத்தியது ஈப்ரெஸ் பகுதியில், 1917 ஜூலை நடுவில். அப்போது ஓவன் பிரான்ஸிலேயே இல்லை. எனவே ‘இந்தக் கவிதையில் வருவது மஸ்டர்ட் வாயு’ என்று எழுதியிருக்கும் குறிப்புகளைத் தயங்காமல் அடித்துவிடலாம். நுரையீரலில் நுரை கட்டி, தண்ணீரில் மூழ்குபவனைப்போல் மூச்சுத் திணறுவது குளோரின், ஃபாஸ்ஜீன் வகை வாயுக்களின் வேலை. மஸ்டர்ட் செய்வது வேறு. தோலும் கண்ணும் மணிக்கணக்கில் கழித்துக் கொப்பளிக்கும்.

அதே கவிதையில் ‘ஹெல்மெட்’ என்று ஒரு சொல் வரும். இரும்புத் தொப்பி என்று நினைத்தால் காட்சியே குழம்பிவிடும். ரசாயனத்தில் தோய்த்த துணிப்பையைத் தலையோடு மாட்டிக் கழுத்துச் சட்டைக்குள் செருகிக்கொள்ளும் பழைய வாயுமுகமூடிக்கு அந்தப் பெயர். அதில் கண்ணுக்கு இரண்டு கண்ணாடி வில்லைகள். சில வரி தள்ளி, மங்கலான கண்ணாடி வழியே பச்சை ஒளியில் கடலடியில் பார்ப்பதுபோல் பார்த்தேன் என்கிறார். அதாவது சொல்பவன் தன் முகமூடியை மாட்டிவிட்டான். உள்ளே பத்திரமாக இருந்துகொண்டு வெளியே ஒருவன் சாவதைப் பார்க்கிறான். கனவில் வந்து பாய்வது ஏன் என்பதற்கு விடை இந்த இரண்டு வில்லைக் கண்ணாடியில் இருக்கிறது.

மூன்றாம் மாலை கையெழுத்துப் பிரதி. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் முதல் உலகப் போர்க் கவிதை மின்னணுக் காப்பகத்தில் ஓவன், ரோசன்பெர்க், பிளண்டன் முதலானவர்களின் கையெழுத்துத் தாள்களை இலவசமாகப் பார்க்கலாம். இந்தக் கவிதையின் வரைவுகளில் தலைப்புக்குக் கீழே ஜெஸ்ஸி போப்புக்கு என்று எழுதி அடித்திருப்பார். இன்னொன்றில் ‘ஒரு பெண்கவிஞருக்கு’ என்று இருக்கும். பையன்களைப் படையில் சேரச் சொல்லிப் பத்திரிகையில் துள்ளல் பாட்டு எழுதியவர் ஜெஸ்ஸி போப். கடைசிப் பத்தியில் வரும் ‘நண்பரே’ என்ற விளி யாரை நோக்கிப் புறப்பட்டது என்பது இதில் தெரியும். அதை அடித்துவிட்டதால் அந்தச் சொல் இப்போது படிப்பவர் எல்லாரையும் குத்துகிறது.

எட்டாம் வரியையும் ஒப்பிடுங்கள். பழைய பதிப்புகளில் களைத்துப் பின்தங்கி விழும் ‘ஃபைவ்-நைன்’கள் வரும். 5.9 அங்குல, அதாவது 150 மில்லிமீட்டர் ஜெர்மன் பீரங்கிக் குண்டு அது. ஜான் ஸ்டால்வொர்தியின் 1983 பதிப்பில் அதே வரியில் வாயுக்குண்டுகள் பின்னால் மெதுவாக விழுகின்றன. இரண்டும் ஓவன் கையெழுத்தில் இருப்பவை. எதை இறுதி என்று கொள்வது என்பது பதிப்பாசிரியரின் முடிவு. ஆறாவது கட்டத்தை நிரப்பாமல் விட்டவர்கள் இந்த இடத்தில் ‘உங்கள் புத்தகத்தில் அச்சுப்பிழை’ என்று வீணாகச் சண்டை போட்டுக்கொள்வார்கள்.

கடிதத்தையும் கவிதையையும் பக்கத்தில் வைத்து

‘த சென்ட்ரி’க்கு வருவோம். 1917 ஜனவரி 16 அன்று ஓவன் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் இதே சம்பவம் இருக்கிறது. எதிரிக் கோட்டுக்கும் தன் கோட்டுக்கும் நடுவே, ஜெர்மானியர் விட்டுப்போன பதுங்குகுழியில் இருபத்தைந்து பேரோடு ஐம்பது மணி நேரம். உள்ளே ஓரிரண்டு அடி தண்ணீர். குண்டுமழையின்போது காவலாளியைப் பாதிப்படிக்கட்டில் இறக்கி நிறுத்தியும், ஒரு பையன் வெடிப்பில் உருண்டு விழுந்தான். கண் போயிருக்கும் என்று பயப்படுகிறேன் என்கிறார். அவ்வளவுதான். கடிதத்தில் அதற்கு ஒரு வாக்கியம்.

இருபது மாதம் கழித்து முடித்த கவிதையில் அந்த வாக்கியம் ஊதிப் பெருகியிருக்கிறது. பையன் கண் போச்சு என்று அலறுகிறான். அதிகாரி அவன் இமைக்கு முன்னால் சுடரைப் பிடித்து, மங்கலாகவாவது வெளிச்சம் தெரிந்தால் குருடாகவில்லை, நாளாக நாளாகச் சரியாகிவிடும் என்கிறார். தெரியவில்லை என்று அழுகிறான். கடைசியில் ‘உங்கள் விளக்கு தெரிகிறது’ என்று கத்துகிறான். ஆனால் விளக்குகள் எப்போதோ அணைந்துவிட்டன. பிரதிகளை இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு கடிதத்தில் இருப்பதைப் பச்சையில், கவிதையில் மட்டும் இருப்பதைச் சிவப்பில் கோடிடுங்கள். சிவப்பெல்லாம் கற்பனை என்று முடிவு கட்ட அவசரம் வேண்டாம். கடிதம் அம்மாவுக்குப் போனது.

கடிதங்களைப் படிக்கும்போது தணிக்கை நடைமுறையை மறக்கக் கூடாது. சிப்பாயின் கடிதத்தை அவனுடைய சொந்த அதிகாரியே பிரித்துப் படித்து ஒப்புதல் தருவார். அதிகாரியின் கடிதம் அவருடைய நாணயத்தின் பேரில் பெரும்பாலும் அப்படியே போகும். ஓவன் இவ்வளவு விரிவாக எழுத முடிந்ததற்கும், சாதாரணச் சிப்பாயின் கடிதம் ‘நலம், நலமறிய ஆவல்’ அளவில் நின்றதற்கும் இது ஒரு காரணம்.

வரைபடம், நாட்குறிப்பு

ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் பிரிட்டிஷ் அகழி வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இன்றைய நிலப்படத்தின் மேல் வைத்து, மேல்படத்தை மங்கலாக்கிப் பார்க்கும் வசதியும் உண்டு. படைப்பிரிவுக் குறிப்புகளில் இடத்தை 57டி.கே.35.ஏ.4.8 போன்ற எண்ணால் குறித்திருப்பார்கள். பிரித்துப் படிக்கும் முறை இது: 57டி என்பது வரைபடத் தாள். கே என்பது தாளில் ஒரு பெரிய கட்டம். 35 அதற்குள் ஆயிரம் கஜச் சதுரம். அந்தச் சதுரத்தை நான்காகப் பிரித்தால் ஏ வடமேற்கு, பி வடகிழக்கு, சி தென்மேற்கு, டி தென்கிழக்கு. கடைசி இரண்டு எண்ணில் முதலாவது மேற்கு ஓரத்திலிருந்து கிழக்கே எத்தனை பங்கு, இரண்டாவது தெற்கு ஓரத்திலிருந்து வடக்கே எத்தனை பங்கு. ஒரு பங்கு 50 கஜம், ஏறத்தாழ 46 மீட்டர். இரண்டு எண்ணையும் மாற்றிப் படித்தால் எதிரி அகழிக்குள் போய் நிற்பீர்கள்.

நிறத்திலும் ஏமாறலாம். போரின் பெரும்பகுதியில் இந்த வரைபடங்களில் ஜெர்மன் அகழி சிவப்பு, பிரிட்டிஷ் அகழி நீலம். 1918-ல் இது தலைகீழாக மாறியது. எதிரி கையில் சிக்கிவிடும் என்று சொந்த அகழிகளைப் பல தாள்களில் முழுமையாக வரையவே இல்லை. வெற்றாகக் கிடப்பதால் அங்கே ஆளே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒவ்வொரு பட்டாலியனும் அன்றாடம் நிரப்பிய போர் நாட்குறிப்புகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 95 என்ற வரிசையில் இருக்கின்றன. நடை வறட்சியாக இருக்கும். இறந்த அதிகாரிக்குப் பெயர் உண்டு. மற்றவர்கள் ‘2 ஓ.ஆர்.’ என்று எண்ணிக்கையாக வருவார்கள். ‘பிற தரத்தினர்’ என்பதன் சுருக்கம் அது. கவிதையில் கண்ணிழந்து அலறும் பையன் அந்த ஓ.ஆர். கணக்கில் ஒருவன்.

பத்து வருடம் கழித்து வந்த புத்தகங்கள்

பிளண்டனின் ‘அண்டர்டோன்ஸ் ஆஃப் வார்’ 1928, சசூனின் முதல் தன்வரலாற்று நாவல் 1928, ரெமார்க் பத்திரிகையில் 1928 நவம்பர், கிரேவ்ஸின் ‘குட்பை டு ஆல் தட்’ 1929, ஹெமிங்வே 1929, சசூனின் ‘மெமயர்ஸ் ஆஃப் அன் இன்ஃபன்ட்ரி ஆஃபீசர்’ 1930. நோட்டில் நான்காவது கட்டத்தை மேலிருந்து கீழே பார்த்தால் இந்த நெரிசல் கண்ணில் படும். பிளண்டன் தன் புத்தகத்தை எழுதியது டோக்கியோவில், பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தபோது. பெல்ஜியத்துப் போர்க்களமான பிளாண்டர்ஸின் சேற்றிலிருந்து அவ்வளவு தூரம் போன பிறகுதான் அது வாய்த்திருக்கிறது.

இந்தப் பகுதியில் எந்தப் பதிப்பு என்ற கேள்விதான் உயிர். கிரேவ்ஸ் தன் நூலை 1957-ல் நிறையத் திருத்தினார். கடையில் அதிகம் கிடைப்பது அதுதான். 1929-ல் சுடச்சுட, கடன் தீர்க்கவும் ஊரைவிட்டுப் போகவும் அவசரமாக எழுதிய ஆளுடைய குரல் வேண்டுமென்றால் பழைய பாடத்தைத் தேடிப் பிடியுங்கள். அது வெளிவந்ததும் சசூனும் பிளண்டனும் ஒரு பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு ஓரமெல்லாம் திருத்தமும் திட்டும் எழுதித் தள்ளினார்கள். ஒரே ரெஜிமென்டில் பக்கத்தில் பக்கத்தில் இருந்த கிரேவ்ஸுக்கும் சசூனுக்குமே நினைவு ஒத்துப்போகவில்லை.

சசூனின் நூல்களில் நாயகன் பெயர் ஜார்ஜ் ஷெர்ஸ்டன். சசூன் வாழ்வில் நடந்தது ஏறக்குறைய எல்லாம் அவனுக்கும் நடக்கிறது, ஒன்றைத் தவிர: ஷெர்ஸ்டன் கவிதை எழுதுவதில்லை. 1917 ஜூலையில் போரை எதிர்த்து சசூன் விட்ட அறிக்கை நாடாளுமன்றத்தில் வாசிக்கப்பட்டது. ராணுவ நீதிமன்றத்துக்குப் போகாமல் அவரை மருத்துவக் குழு முன் நிறுத்த ஏற்பாடு செய்தவர் கிரேவ்ஸ். அப்படி அவர் போய்ச்சேர்ந்த கிரெய்க்லாக்ஹார்ட்டில்தான் ஓவனைச் சந்தித்தார். நாவலில் கிரேவ்ஸ், டேவிட் க்ராம்லெக் என்ற பெயரில் வருவார். நாவல் அத்தியாயத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க, சசூனின் போர்க்கால நாட்குறிப்பேடுகளைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது, சேற்றுக்கறையோடு.

எர்ன்ஸ்ட் யுங்கர் தனி வழக்கு. ‘எஃகுப் புயல்களில்’ என்று பொருள்படும் அவருடைய நூல் 1920-ல் வந்தது. வாழ்நாள் முழுக்கத் திருத்திக்கொண்டே இருந்தார். 1924 பதிப்பில் தேசியவாத வாடை தூக்கல், பிறகு குறைத்தார். பாசில் கிரைட்டனின் 1929 ஆங்கில மொழிபெயர்ப்பு 1924 பாடத்திலிருந்து வந்தது, மைக்கேல் ஹோஃப்மனின் 2003 மொழிபெயர்ப்பு பிற்காலப் பாடத்திலிருந்து. எதைப் படித்தீர்கள் என்று சொல்லாமல் யுங்கரைப் பற்றி வாதாடுவது நேர விரயம்.

பெண்கள் எழுதியதில் வேரா பிரிட்டனின் ‘டெஸ்டமென்ட் ஆஃப் யூத்’ (1933) ஒன்றாவது பட்டியலில் இருக்கட்டும். காதலன் ரோலண்ட் 1915 டிசம்பரிலும் தம்பி எட்வர்ட் 1918 ஜூனிலும் கொல்லப்பட்டார்கள். நடுவே அவர் போர்க்கால மருத்துவமனைகளில் செவிலி. ரோலண்டின் சீருடை சேறும் ரத்தவாடையுமாக வீட்டுக்குத் திரும்பி வந்த பகுதியைப் படித்துவிட்டு, 1981-ல் வெளியான அவருடைய நாட்குறிப்பில் அதே நாட்களைப் பாருங்கள்.

அமெரிக்கர்கள், ‘தொலைந்த தலைமுறை’

இந்தப் பெயரின் பிறப்பு ஒரு மெக்கானிக் ஷெட்டில். பாரிஸில் வாழ்ந்த அமெரிக்க எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைனின் ஃபோர்டு காரைச் சரியாகப் பழுதுபார்க்காத இளம் மெக்கானிக்கை, போருக்குப் போய்வந்த பையனை, முதலாளி ‘நீங்களெல்லாம் தொலைந்த தலைமுறை’ என்று திட்டினாராம். ஸ்டைன் அதை ஹெமிங்வே பக்கம் திருப்பிவிட்டார். 1926-ல் ‘த சன் ஆல்ஸோ ரைஸஸ்’ நாவலின் முகப்பில் அது ஏறியது. ஷெட் கதையை ஹெமிங்வே சொன்னது அவர் இறந்தபின் 1964-ல் வந்த நூலில். இதற்கும் இரண்டு தேதி போடலாம்.

ஹெமிங்வே சிப்பாய் இல்லை, செஞ்சிலுவை ஆம்புலன்ஸ்காரர். 1918 ஜூலை 8 இரவு, பத்தொன்பது வயது நிறைய இரண்டு வாரம்கூட இல்லாதபோது, இத்தாலியில் ஃபொசால்டா அருகே மோர்ட்டார் குண்டில் அடிபட்டார். ஃபிட்ஸ்ஜெரால்ட் சீருடை போட்டும் கடல் தாண்டவில்லை. ஃபாக்னர் கனடாவில் விமானப்படைப் பயிற்சியில் இருக்கும்போதே போர் முடிந்துவிட்டது. இவர்கள் எழுத்தில் போர் அதிகமாகத் தெரிவது போர் நேரடியாக வராத இடங்களில். ‘பிக் டூ-ஹார்ட்டட் ரிவர்’ (1925) கதையில் நிக் எரிந்துபோன ஊரில் ரயிலைவிட்டு இறங்குகிறான், கூடாரம் அடிக்கிறான், காப்பி போடுகிறான், மீன் பிடிக்கிறான். போர் என்ற சொல்லே கிடையாது. படிக்கும்போது அவன் செய்யும் சின்ன வேலைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போங்கள். அந்த வரிசை ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது, சதுப்புக்குள் மட்டும் ஏன் இறங்க மறுக்கிறான் என்று தானாகத் தோன்றும். அதற்கு முன் ‘சோல்ஜர்ஸ் ஹோம்’ படித்திருந்தால் நல்லது. வரவேற்பெல்லாம் அடங்கிய பிறகு 1919 கோடையில் தாமதமாக ஊர் திரும்பிய க்ரெப்ஸ், கேட்பதற்கு ஆள் வேண்டுமே என்று பொய் சொல்கிறான்; பிறகு தன் நிஜ நினைவுகளே அவனுக்குக் குமட்டுகின்றன.

நம் பக்கத்து ஆவணங்கள்

பிரான்ஸில் இருந்த இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைத் தணிக்கை அலுவலகம் மொழிபெயர்த்துத் தொகுத்தது. அந்தத் தொகுப்புகள் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. பல கடிதங்கள் சிப்பாய் சொல்ல எழுத்தர் எழுதியவை. பிறகு மொழிபெயர்ப்பாளர், பிறகு எந்தப் பகுதியை எடுப்பது என்று தீர்மானித்த அதிகாரி. ஆகவே நோட்டில் பெயருக்குப் பக்கத்தில் எத்தனை கை பட்டது என்றும் குறியுங்கள். கருமிளகு தீர்ந்துகொண்டிருக்கிறது, இப்போது செம்மிளகு வருகிறது என்று ஒரு கடிதம் போகும். கருமிளகு இந்தியச் சிப்பாய், செம்மிளகு வெள்ளைச் சிப்பாய். தணிக்கை அதிகாரிக்கும் இது புரியாமல் இல்லை.

ஓவனின் அம்மா 1920-ல் தாகூருக்கு ஒரு கடிதம் எழுதினார்: மகன் கடைசியாக விடைபெறும்போது சொன்னது கீதாஞ்சலி வரிகள், அவன் குறிப்பேட்டிலும் உங்கள் பெயரோடு அவை இருக்கின்றன என்று. தமிழில் போர்முனை எழுத்து என்று ஒரு வரிசை இல்லை. ஆனால் புதுச்சேரியில் இருந்த பாரதி பெல்ஜியத்தை வாழ்த்திப் பாடினார், 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் குண்டு போட்ட ஜெர்மன் கப்பல் ‘எம்டன்’ பேச்சுத் தமிழில் நிலைத்துவிட்டது.

தமிழாக்கம் செய்யப்போகிறவர்களுக்கு

சொற்களுக்கு அகராதியைத் தேடும் முன் ஈழத் தமிழ்ப் புனைவு நான்கைந்து படித்துவிடுங்கள். ஷெல்லடி, பங்கர், காவலரண், சென்றி, மண்மூட்டை எல்லாம் அங்கே வாழ்ந்து பழகிய சொற்கள். ‘பீரங்கிக் குண்டு வீச்சு’ என்று எழுதும் இடத்தில் ‘ஷெல்லடி’ என்றால் வாக்கியம் எழுந்து உட்காரும். ஓவனின் சென்ட்ரிக்கு ‘காவலாளி’ போட்டால் அடுக்குமாடி வாசல் நினைவுக்கு வருகிறது. ‘சென்றி’ என்றால் வராது. பட்டாலியன், பிளட்டூன், லெப்டினன்ட் ஆகியவற்றை அப்படியே விடலாம். தூய தமிழாக்கினால் சோழர் படை வந்துவிடும்.

விளிகளில் கவனம். அதிகாரிக்கு இருபது வயது, சிப்பாய்க்கு முப்பத்தைந்து இருக்கும்; இருந்தாலும் சிப்பாய் ‘சார்’ என்பான், அதிகாரி ‘நீ’ என்பார். வயதை வைத்து மரியாதை மாற்றினால் படை ஒழுங்கு சிதறிவிடும். ரெமார்க் நாவலின் நாயகன் பால் என்பவனும் அவன் நண்பர்களும் ஒரே வகுப்புப் பையன்கள், தங்களுக்குள் ‘டேய்’ போதும்; ஆனால் அவர்களோடு இருக்கும் நாற்பது வயது சிப்பாய் காட்ஸின்ஸ்கியை எப்படிக் கூப்பிடுவது என்று முதல் அத்தியாயத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

உரிமை: இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து அறுபது வருடம். ஓவன், ரோசன்பெர்க் (1918), ஃபிட்ஸ்ஜெரால்ட் (1940) எப்போதோ திறந்துவிட்டார்கள். ஹெமிங்வே (1961) வாழ்நாளில் வெளியிட்டவை 2021 முடிவோடு. சசூன் (1967) 2027 முடியும்வரை, ரெமார்க் (1970) 2030 முடியும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது அனுமதி கேட்க வேண்டும். ஆங்கிலம் வழியாக ரெமார்க்கைக் கொண்டுவந்தால், அந்த ஆங்கில மொழிபெயர்ப்பாளருக்கும் தனி உரிமை உண்டு.

ரெமார்க்கின் தலைப்பையும் ஆங்கிலத்திலிருந்து எடுக்காதீர்கள். ஏ. டபிள்யூ. வீன் 1929-ல் வைத்த ஆங்கிலத் தலைப்பில் ‘அமைதி’ வருகிறது. ஜெர்மன் மூலத்தில் அமைதி கிடையாது. ‘மேற்கில் புதிதாக ஒன்றுமில்லை’ என்பதுதான் சொல்லுக்குச் சொல். அது தலைமையகத்தின் அறிக்கை வாசகம். கடைசிப் பக்கத்தில் பால் செத்துக்கிடக்கும் அன்று முனை முழுக்க ஓய்ந்திருந்ததால் அறிக்கை அந்த ஒரு வாக்கியத்தோடு முடிகிறது. தமிழில் அது அலுவலகக் குறிப்பின் நடையிலேயே இருக்கட்டும்: மேற்கில் குறிப்பிடும்படி எதுவும் இல்லை.